குளிர்காலக் காய்கறிக்கு மண்ணைப் பண்படுத்துதல்

கார்த்திகை பிறந்து, விடியலில் புல்நுனியில் பனி தங்கத் தொடங்கியதும் நம்மில் பலருக்குக் காய்கறித் தோட்டத்தின் நினைவு வருகிறது. வெயில் தணிந்திருக்கிறது, கிணற்றில் நீர் ஏறியிருக்கிறது, கடைகளில் முள்ளங்கி, காலிபிளவர், பீட்ரூட் விதைப் பொட்டலங்கள் தொங்குகின்றன. மண்ணும் மழையில் ஊறி இளகிக் கிடக்கிறது. இதைவிட நல்ல சமயம் ஏது என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகிறோம். மண்ணை வெட்டுவதற்கு அதைக் காட்டிலும் தகாத சமயம் ஆண்டில் வேறு இல்லை என்பதைச் சொல்லவே இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் சமவெளியில் குளிர்காலம் என்னும்போது, மேலைநாட்டுத் தோட்டநூல்கள் பேசும் வெண்பனியையும் உறைந்த நிலத்தையும் நாம் நினைக்க வேண்டியதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழுவதுண்டு. அந்த மலைத்தோட்டங்களின் செய்தி தனி. நமக்குக் குளிர்காலமாவது, வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியில் தொடங்கி மாசி முடிய நிற்கும் நான்கு மாதங்களே. தக்காளிப் பூ உதிராமல் பிஞ்சு பிடிப்பதும், அவரை கொத்துக் கொத்தாய்த் தொங்குவதும், முள்ளங்கி நாரோடாமல் திரள்வதும் இக்காலத்தில்தான். ஆனால் இதற்கு முன்னே ஐப்பசி மழை நிற்கிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆதலால் நம் குளிர்காலத் தோட்டத்து மண் அடைமழையைக் கடந்துதான் பயிருக்கு வந்து சேர வேண்டும். எந்த நிலையில் வந்து சேரும் என்பது, ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகிய மூன்று மாதங்களில் நாம் செய்த வேலையைப் பொறுத்தது.

விதையைப் பற்றிக் கேட்போர் பலர். 1960களில் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி உழவரிடையே பரப்பியபோது, மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். விதைக்கு அத்தகைய புகழ் கிடைக்கும். மண்ணைப் பற்றிக் கேட்போரைக் காண்பது அரிது; அது காலடியில் கிடப்பதனாலோ என்னவோ!

ஈரமண்ணை வெட்டுவதனால் விளையும் கேட்டை முதலில் பார்ப்போம். நல்ல தோட்டமண்ணை ஒரு கை அள்ளிப் பாருங்கள். அது மாவுபோல் இராது. கடுகும் மிளகும் கலந்தாற்போலச் சிறு சிறு மணிகளாக இருக்கும். மண்துகள்களும் மட்கிய தழையும், வேர்களும் நுண்ணுயிர்களும் கசியவிடும் ஒருவகைப் பசையினால் ஒட்டிக்கொண்டு இம்மணிகள் உண்டாகின்றன. மணிகளுக்கு இடையேயுள்ள சந்துகளின் வழியாகத்தான் நீர் கீழே இறங்குகிறது, காற்று உள்ளே புகுகிறது, வேர் ஓடுகிறது. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி இத்தகைய சந்துகளே என்றால் வியப்பாக இருக்கும். நன்றாக நனைந்த மண்ணை மிதித்தாலும் வெட்டினாலும் பசை இளகி, மணிகள் நசுங்கி, சந்துகள் அடைபட்டுவிடுகின்றன. குயவர் மண்ணை நனைத்து மிதிப்பது இதற்காகத்தான். நெல்வயலில் சேறு கலக்குவதும் நீர் கீழே இறங்காமல் தேங்கி நிற்பதற்கே. பானைக்கும் நெல்லுக்கும் உதவுகிற அந்தப் பக்குவம் கத்தரிக்கும் தக்காளிக்கும் உதவாது.

வெட்டலாமா, கூடாதா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டா. அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து, மார்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உதிர்ந்து சிதறினால் வெட்டலாம். அப்பளக் கட்டிபோல் அப்பிக்கொண்டு கிடந்தால் மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சாத்திவிடுங்கள். உருண்டையே பிடிக்க வராமல் தூளாகப் போனால், ஒருமுறை நீர் பாய்ச்சி இரண்டு மூன்று நாள் பொறுத்து வெட்டுவது நலம்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஊர்ப்பள்ளி ஒன்றில் மூன்று சென்ட் அளவுக்குத் தோட்டம் இருந்தது. செம்மண் நிலம். தீபாவளி விடுமுறை கழிந்து பிள்ளைகள் வந்ததும் நிலத்தைக் கொத்துவது அங்கு நெடுநாளைய வழக்கம். மண் இளகியிருப்பதால் சிறுவர் கைகளுக்கு எளிதாயிருக்கும் என்று காரணம் சொல்வார்கள். மார்கழியில் அந்த நிலம் மேலே ஓடுபோல் இறுகி, உள்ளே செங்கற்கட்டிகளாய்க் கிடக்கும். கத்தரிச் செடி முழ உயரம் எழும்புவதற்குள் இலை வெளுத்துவிடும். பிள்ளைகளின் சத்துணவுக்கு அத்தோட்டத்திலிருந்து போனது நாலைந்து கூடைக் கீரையைத் தவிர வேறில்லை. மூன்று சென்ட் நிலம் நன்றாக விளைந்தால், குழம்பில் வாரத்தில் இரண்டு நாளாவது காய் மிதக்கும். வீட்டில் காய் காணாத பிள்ளைகளும் அந்தப் பந்தியில் இருந்தார்கள். ஆதலால் வழக்கத்தை மாற்றி, ஆடி மாதத்திலேயே நிலத்தைக் கொத்தச் செய்தேன். கொத்திய நிலத்தில் பாதிக்குச் சணப்பு விதைத்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபாதியை வெறுமையாக விட்டோம். இரண்டிலும் ஒரே நாற்றை ஒரே நாளில் நட்டோம். தை மாதத்தில் பள்ளித் திண்ணையில் நின்று பார்த்தாலே இலையின் நிறத்தைக்கொண்டு எல்லையைச் சுட்டிக்காட்ட முடிந்தது. சணப்பு நின்ற பாதி கரும்பச்சை. வெறும் பாதி, கட்டி தட்டாமல் இருந்தும், வெளிர்பச்சை.

இரண்டும் ஒன்றுபோலக் கொத்தப்பட்ட நிலமாயிருக்க, வேறுபாடு எப்படி வந்தது என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்குள் இப்பேச்சின் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது.

திருக்குறளில் உழவு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு கணக்குச் சொல்கிறார். உழுத புழுதியில் ஒரு பலம் கால் பலமாகும்படி உணங்கவிட்டால், பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்பது அதன் கருத்து. உலர்த்துவதனால் உரம் எப்படி வரும் என்று நான் இளமையில் ஐயுற்றதுண்டு. 1958-ஆம் ஆண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்ச் என்னும் மண்ணியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கடுமையாக உலர்ந்த மண்ணில் மழை விழுந்தவுடன் என்ன நடக்கிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். உலர்ச்சியில் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. மண்ணுக்குள் கட்டுண்டிருந்த மட்குப் பொருளும் ஓரளவு விடுபடுகிறது. ஈரம் பட்டதும், எஞ்சிய நுண்ணுயிர்கள் இவற்றை உண்டு மளமளவெனப் பெருகுகின்றன. அந்தச் சில நாட்களில், தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், செடி உண்ணும் வடிவில் திடீரென வெளிப்படுகிறது. எவ்வளவு மிகுதியாக மண் உலர்ந்ததோ அவ்வளவு மிகுதியாக அது வெளிப்படும். வள்ளுவர் கண்ட புழுதியின் வலிமைக்கு இஃதொரு விளக்கம் என்று நான் கருதுகிறேன். ஆயினும் அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எருவிடுதல் நன்று என்றும் அவர் கூறிவிடுகிறார். ஏனெனில் உலர்த்திப் பெறுவது மண்ணின் முதலிலிருந்து எடுத்துச் செலவழிப்பதே. அந்த முதலை எருவினால் ஈடு செய்யாவிடில் சில ஆண்டுகளில் அது கரைந்துபோகும்.

இவ்வாறு வெளிப்படும் தழைச்சத்து நைட்ரேட் என்னும் உப்பு வடிவை விரைவில் அடைகிறது. களிமண் துகளும் மட்கும் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீரோடு கலந்து நீர் போகுமிடம் போய்விடும். முதல் மழையில் வெளிவந்த செல்வத்தை உண்ண அவ்விடத்தில் வேர் ஒன்றும் இல்லையெனில், ஐப்பசி அடைமழை அதைச் செடி எட்டாத ஆழத்துக்குக் கழுவிச் சென்றுவிடுகிறது. பள்ளித் தோட்டத்தின் வெறும் பாதியில் நடந்தது இதுதான். மறுபாதியிலோ அச்சத்தைச் சணப்பு உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டது. தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களைக்கொண்டு காற்றிலிருந்தும் கொஞ்சம் ஈட்டிக்கொண்டது.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆடியில் ஓரிரு மழை பெய்து, நான் சொன்ன உருண்டைச் சோதனையில் மண் தேறியதும், ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு, அதாவது முக்காலடி அளவுக்கு நிலத்தை வெட்ட வேண்டும். அதற்கும் கீழேயுள்ள அடிமண்ணை மேலே கொண்டுவர வேண்டா. கடப்பாரையால் குத்தி நெம்பி விட்டால் போதும். மேல்மண்ணுக்கு உயிர் உண்டு; அடிமண் அவ்வளவு வளமுடையதன்று. வெட்டும்போதே கோரைக்கிழங்கையும் அருகின் வேர்த்தண்டையும் கையால் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். இந்த வேலையில் பொறுமை இழப்பவர்களே மிகுதி. கோரையை வெட்டி வெட்டி விட்டால் சாகும் என்று எண்ணுகிறார்கள். கிழங்குகளைக் கோத்திருக்கும் தொடர் அறுபட்டதும் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். வெட்டிய கட்டிகளை அப்படியே ஒரு வாரம் வெயில் காயவிட்டு, மறுபடி ஒருமுறை பொறுக்குவது நல்லது. பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள்.

ஆவணி முதல் வாரத்தில் சணப்பு விதையைச் சென்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம் வீதம் தூவி மூடிவிடலாம். களிப்பும் நீர்த்தேக்கமும் உள்ள நிலமானால் தக்கைப்பூண்டு பொருந்தும். கொளுஞ்சி வறட்சி தாங்கும். ஆனால் விதைத்தோல் கடினமானது, மெல்லத்தான் முளைக்கும். இந்தக் குறுகிய இடைவேளைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இவை ஒன்றும் கிடைக்காவிடில் வீட்டிலுள்ள தட்டைப்பயறே போதும். 45 நாள் அளவில், பூவெடுக்கும் தறுவாயில் செடியை அறுத்துவிட வேண்டும். முற்றவிட்டால் தண்டு நாராகி எளிதில் மட்காது. அறுத்ததை மண்ணில் புதைப்பதா, மேலே பரப்புவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று வாரத்துக்குள் நடப்போகும் பாத்தியில் புதைத்துவிடுங்கள். கார்த்திகையில் நடப்போகும் பாத்தியில் வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மேலே பரப்பி வையுங்கள். இளந்தழையைப் புதைத்தால் அது விரைந்து மட்கிச் சத்தை விட்டுவிடும். உண்ணப் பயிர் இல்லாதபோது அதை விடுவிப்பதில் பயனில்லை.

தொழு உரத்தைப் பொறுத்தவரை, காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் என்பது வேளாண்துறையினர் சொல்லும் அளவு. நம் கொல்லைக் கணக்கில் இது சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ ஆகும். நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து அதில் இருக்குமாயின், நூறு கிலோவிலும் அரைக் கிலோதான். எருவின் பெருமை அதன் சத்தைவிட, முன்னே சொன்ன மண்மணிகளை உண்டாக்கும் மட்கில் இருக்கிறது. ஆனால் எரு நன்றாக மட்கியிருக்க வேண்டும். கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டின் மணம் வீச வேண்டும். சாணியின் நாற்றம் இருக்குமளவும் அது எருவன்று. பழைய குழியிலிருந்து அள்ளும்போது தடித்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அவற்றில் பல தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள்.

மட்காத பொருளைப் புதைப்பதன் தீங்கை இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் இப்போது தென்னை நார்க்கழிவு எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. நுண்ணுயிர்களுக்குக் கரிமம் உணவு. ஆனால் அதை உண்டு உடல் வளர்க்கக் கூடவே தழைச்சத்தும் வேண்டும். கரிமம் 25 அல்லது 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் அவற்றுக்கு நிறைவு. வைக்கோலில் இவ்விகிதம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பச்சை நார்க்கழிவில் நூற்றுக்கும் மேல். இத்தகைய பொருளை மண்ணில் கலந்தால், குறையும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடந்து மஞ்சளிக்கும். ஆகவே வைக்கோல், சருகு, நார்க்கழிவு ஆகியவற்றை எருக்குழிக்கு அனுப்புங்கள். சருகையும் வைக்கோலையும் மூடாக்காக மண்ணின் மேலேயும் போடலாம். சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் மட்டும் வேண்டா. தழைச்சத்து புகையில் போக, எஞ்சுவது கொஞ்சம் சாம்பல்தான். நார்க்கழிவையும் இலைச்சருகையும் சாணியோடும் பச்சைத் தழையோடும் அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டி மட்கச் செய்யும் முறையை, இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு நம் உழவரின் அனுபவத்தையும் கீழைநாட்டு வழக்கங்களையும் கண்டு வகுத்து, 1931-இல் நூலாக எழுதினார்.

எருவோடு சென்ட் ஒன்றுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கைத் தூள் செய்து சேர்ப்பது மிகவும் பயனுடையது. தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழுவை அது அடக்குகிறது. அதனினும் நம் பேச்சுக்குப் பொருத்தமான பயன் ஒன்று உண்டு. தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தை வேம்பு தணிக்கிறது. மாறாத நிலையில் மண் அதை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். 2015-ஆம் ஆண்டில், நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென்று அரசு ஆணையிட்டதற்கு இக்குணமும் ஒரு காரணம். மழைக்காலத்தை நோக்கிப் போகும் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் நம் கைக்கெட்டும் தூரத்தில் வேறில்லை.

எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து சொல்ல முடியாது. உங்கள் மண்ணின் இயல்பை அறிய, கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாய் நின்று மெல்லப் படிவது களி. மணலே மிகுதியாயிருந்தால் உரிய அனுமதி பெற்றுக் குளத்து வண்டல் கொணர்ந்து கலப்பது சிறந்தது. களி மிகுதியாயிருந்தால் மட்கிய எருதான் வழி. களிமண்ணுக்கு நாலு கூடை மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். பாதிக்குப் பாதி மணல் கலந்தாலன்றி அம்மண் மாறாது. குறைவாகக் கலந்தால் காரை பூசினாற்போல் இறுகவும் கூடும். உவர், களர் ஐயம் உள்ளவர்கள் அரையடி ஆழத்தில் பல இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை அரசின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அறிந்துகொள்ளலாம்.

புரட்டாசி முடிவதற்குள் பாத்திகளை அமைத்துவிட வேண்டும். கோடையில் நாம் போடுவது நீர் நிற்கும் பள்ளப்பாத்தி. மழைக்காலத்துக்கு வேண்டியது மேட்டுப்பாத்தி. இருபுறமிருந்தும் கை எட்டும்படி மூன்றரை அடி அகலம், களிமண்ணில் முக்காலடி உயரம், மணலில் அதில் பாதி. சரிவுக்குக் குறுக்காகப் பாத்திகளையும் அவற்றினிடையே ஒன்றேகாலடி வாய்க்கால்களையும் அமைத்தால், ஓடும் நீர் தயங்கி மண்ணில் இறங்கும். மிஞ்சிய நீரை வாழையடிக்கோ கிணற்றோரக் குழிக்கோ திருப்பிவிடுங்கள். நடப்பதெல்லாம் வாய்க்காலில்தான், பாத்தியின்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்விதியைப் பழக்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது. பெரியவர்களுக்கு அதைவிட நாளாகும்.

பாத்தி அமைந்த அன்றே அதை மூடிவிட வேண்டும். பெரிய மழைத்துளி வினாடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் செம்மண்ணில் அவ்வடி விழுந்தால் மணிகள் உடைந்து, நுண்துகள் சந்துகளை அடைத்து, காய்ந்தபின் மேலே ஓடு படியும். சணப்புத் தழையோ வைக்கோலோ வேர்க்கடலைத் தோலோ மூன்று விரற்கடை கனத்துக்கு மேலே கிடந்தால், துளியின் வேகம் அதிலேயே ஒடுங்கிவிடும். அத்தகைய பாத்தியில் பெய்த மழை உள்ளே இறங்கித் தங்கும். தையிலும் மாசியிலும் நீர் இறைக்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

ஐப்பசியில் தோட்டத்தில் நமக்கு வேலை சிறிதே. வாய்க்கால் அடைத்தால் விலக்கிவிடுவதும், திண்ணையோரத்தில் கூரையின்கீழ் வைத்திருக்கும் நாற்றுத் தட்டுகளைப் பார்த்துக்கொள்வதுமே. கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் மழை விட்டு, உருண்டை உதிரும் பதம் வந்ததும், நடும் இடத்தில் மட்டும் மூடாக்கை விலக்கி, கையகலக் குழி பறித்து, மாலை வேளையில் நாற்றை நட்டு, மூடாக்கை மறுபடி தண்டுக்கு நான்கு விரல் தள்ளி அணைத்துவிடுங்கள். அதன்பின் ஒரு மாதத்துக்கு மண்வெட்டியும் களைக்கொட்டும் அப்பாத்திக்கு வேண்டா. முளைக்கும் களையைக் கையால் பிடுங்கி, வேர் மேலே இருக்கும்படி அந்த மூடாக்கின்மேலேயே போட்டுவிடலாம். கோரையை மட்டும் வெளியே கொண்டுபோய் வெயிலில் காயப் போடுங்கள்.